கரடிக்கு உள்ளே ஒரு பிள்ளை!

மார்கழி பிறந்துவிட்டால் போதும், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிடும். ஸ்வெட்டர், மப்ளர், மங்கி குல்லாய் எல்லாம் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். கடல் மட்டத்துக்கு மேல் எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற மேட்டுநிலம் இது. பக்கத்திலிருக்கும் தளிக்கு வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள் என்றால் சும்மாவா?

இந்தக் குளிர்காலம்தான் இங்கே கொண்டாட்டக் காலமும்கூட. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, போகி, பொங்கல் என்று வரிசை கட்டி வரும். நம் வீட்டில் பொங்கல் பொங்கினால், அடுத்த வீட்டுக் கன்னடக்காரம்மா சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கலந்து தட்டில் கொண்டு வந்து நீட்டுவார். ஓசூர் தொழிற்பேட்டையை நம்பி வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ! ஊரை விட்டு வந்தவர்களுக்குத் திருவிழா வேண்டாமா? குடியிருப்போர் சங்கம், பள்ளிக்கூடம், இளைஞர் மன்றம் என்று ஆளாளுக்கு ஒரு விழா எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான்.

அந்த மாதிரி விழா நடக்கிற மைதானத்து வாசலில் இப்போதெல்லாம் ஓர் ஆள் நிற்பதைப் பார்க்கலாம். ஆளா அது? ஆறடிக் கரடி! சில இடங்களில் புலி, சில இடங்களில் முயல், டிசம்பரில் பருத்த தொந்தியோடு கிறிஸ்துமஸ் தாத்தா. குழந்தைகளுக்குக் கை கொடுக்கும். குதிக்கும். பாட்டுப் போட்டால் ஆடும். மொத்தக் குடும்பமும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும்.

அந்தக் கரடிக்கு உள்ளே இருப்பது யார்? பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஒரு பிள்ளை. விழாக் குழுவிலேயே வயதில் சின்னவன். "டேய் தம்பி, நீதான் ஒல்லியா இருக்கே, உள்ளே பூந்துக்கோ!" என்று யாரோ ஒரு அண்ணன் சொல்லியிருப்பார். அவனும் சந்தோஷமாகப் புகுந்துகொண்டிருப்பான்.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. விழாவுக்கு வருகிறவர்களுக்குக் குடிநீர் வைக்கிறோம், முதலுதவிப் பெட்டி வைக்கிறோம், கைக்குழந்தைக்காரர்களுக்கு நாற்காலி போடுகிறோம். அந்த மைதானத்திலேயே அதிக ஆபத்தில் இருக்கிறவன் கரடிக்குள்ளே இருக்கிறான். அவனைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை!

குளிர் ஏமாற்றும்!

"என்னங்க பெரிசா சொல்றீங்க? இந்தக் குளிருக்குக் கரடித்தோல் சுகமாத்தானே இருக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். விழாக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் கேட்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் உடம்பு ஓர் அடுப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலே பழைய நூறு வாட் பல்பு அளவுக்குச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். குதித்து ஆடினால் அது நாலைந்து மடங்கு ஏறும். நாலைந்து பல்புகளை ஒரு கம்பளிப் பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வழக்கமாக இந்தச் சூட்டை வெளியேற்ற நமக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. வியர்வை ஆவியாகிப் போனால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கலோரிச் சூடு உடம்பை விட்டுப் போகும். கரடி உடைக்குள் காற்று ஏது? செயற்கை ரோமம், அதற்கு உள்ளே ஸ்பாஞ்ச், அதற்கு உள்ளே சட்டை. வியர்வை ஒழுகும், ஆவியாகாது. தண்ணீரும் போகும், சூடும் போகாது. இரண்டு பக்கமும் நஷ்டம்!

வெளியே குளிராக இருப்பதில் இன்னொரு வம்பு, தாகம் தெரியாது. வெயில் காலத்தில் நாக்கு வறண்டு போய் நாமே சொம்பைத் தேடுவோம். குளிர் நாளில் உடம்பு தண்ணீர் கேட்பதை மறந்துவிடும். போதாக்குறைக்கு, "உடையைப் போட்டபிறகு பாத்ரூம் போக முடியாதே" என்று பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் உள்ளே போகிறார்கள்.

நம் ஊர்க் குளிரும் நாள் முழுக்க இருக்கிற குளிர் அல்ல. விடிகாலையில் நடுக்கும். பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். காலையில் நடுங்கிக்கொண்டே கரடிக்குள் நுழைகிறவன், ஊர்வலம் முடிகிற நேரத்தில் வெயிலில் வெந்துகொண்டிருப்பான்.

விளையாட்டல்ல, உயிர்!

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் 2019-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். ஓசாகா அருகே ஹிராகாத்தா நகரத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில், இப்படி ஒரு பொம்மை உடை அணிந்து ஆட ஒத்திகை பார்த்தார் ஓர் இளைஞர். வயது 28. உடையின் எடை சுமார் 15 கிலோ. உச்சி வெயில் இல்லை, பொழுது சாய்ந்தபிறகு நடந்த ஒத்திகை. சுமார் இருபது நிமிடம்தான் ஆடினார். முடித்ததும் சுருண்டு விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. காரணம், வெப்பத் தாக்கு. நம் டாக்டர்கள் 'ஹீட் ஸ்ட்ரோக்' என்பார்களே, அதுதான்.

அது கோடைக்காலம், உண்மை. ஆனால் இருபதே நிமிடம், வெயில் இல்லாத நேரம், இருபத்தெட்டு வயதுப் பையன் என்பதை மறந்துவிட வேண்டாம். கடுமையாக உடம்பை வருத்தும்போது வருகிற வெப்பத் தாக்கு, குளிர்ச்சியான நாளிலும் வரக்கூடியது என்பதை விளையாட்டு மருத்துவம் தெரிந்த எந்த டாக்டரும் சொல்வார்.

அமெரிக்காவில் 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள், விளையாட்டு அணிகளுக்காகப் பொம்மை வேஷம் போடுகிற தொழில்முறை ஆட்கள் 48 பேரை விசாரித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் சூட்டினால் உடம்பு கெட்டிருந்தது. நிறையப் பேருக்கு இடுப்பு வலி, சிலருக்கு முழங்கால் அடி. அவர்கள் சம்பளம் வாங்கி, பயிற்சி எடுத்து, தினமும் அதையே தொழிலாகச் செய்கிறவர்கள். அவர்களுக்கே இந்த கதி என்றால், வாடகைக் கடையிலிருந்து மதியம் வந்து இறங்கிய உடைக்குள் சாயங்காலம் முதல் தடவையாக நுழைகிற நம் வீட்டுப் பிள்ளைக்கு?

"கூத்துக்காரர் விடிய விடிய ஆடலையா?"

வயதில் பெரியவர்கள் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்வி. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கட்டைக் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று கனமாகக் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க ஆடுவார்கள். பொய்க்கால் குதிரைக்காரர் கட்டைக்காலில் நின்றபடி குதிரைக் கூட்டையும் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றுவார். கர்நாடகத்தில் 'காருடி கொம்பே' என்று ஒரு ஆட்டம் உண்டு. மூங்கிலால் செய்த ராட்சசப் பொம்மைக்குள் ஆள் நுழைந்து, தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார். மைசூர் தசரா ஊர்வலத்தில் பார்த்திருப்பீர்கள்.

அவர்களால் எப்படி முடிகிறது? கூர்ந்து பாருங்கள். கூத்துக்காரருக்கு முகம் திறந்திருக்கிறது. தன் கட்டம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து டீ குடிக்கிறார். அந்த நேரத்தில் கட்டியங்காரன் வந்து சிரிக்க வைக்கிறான். அடுத்த வேஷம் வந்து ஆடுகிறது. பொய்க்கால் குதிரைக்காரருக்கு இடுப்புக்கு மேலே காற்று படுகிறது. மூங்கில் பொம்மையோ உள்ளே வெற்றிடம், உடம்போடு ஒட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சின்ன வயதிலிருந்து ஆடிப் பழகிய உடம்பு அது. சூட்டுக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும்.

குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டுதலுக்காக வேஷம் கட்டுகிறார்கள். காளி, குறவன், குரங்கு, கரடி என்று எல்லா வேஷமும் உண்டு. அவர்களும் காசு வாங்காத தொண்டர்கள்தான். ஆனால் வேஷம் கட்டுவதற்கு நாள் கணக்கில் விரதம் இருக்கிறார்கள். காளி வேஷக்காரர்கள் இன்னும் கடுமையாக இருப்பார்கள். பக்தி ஒரு பக்கம். வேஷம் கட்டப்போகிற உடம்பை முன்கூட்டியே ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்கிற அக்கறை இன்னொரு பக்கம். குழுவாகப் போகிறார்கள். ஒருவருக்கு ஒன்று என்றால் பார்க்கப் பத்துப் பேர் கூட இருக்கிறார்கள்.

நம் பெரியவர்கள் வேஷத்துக்குள் காற்றுக்கு வழி விட்டார்கள், ஓய்வுக்கு நேரம் விட்டார்கள், துணைக்கு ஆள் விட்டார்கள். நாம் இப்போது வாடகைக்கு எடுக்கிற ரோம உடையில் மூன்றுமே இல்லை. மரபைக் காட்டி அந்தப் பிள்ளையை உள்ளே தள்ளுவது மரபுக்கே அநியாயம்.

அதற்காக வேஷமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2022-இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் போட்டிக்கு வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'தான் சின்னம். அதைப் பார்த்துச் சதுரங்கம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட குழந்தைகள் உண்டு. கனடாவின் கியூபெக் நகரத்துப் பனிக்காலத் திருவிழாவில், சிவப்புக் குல்லாய் போட்ட 'போனோம்' என்ற வெள்ளைப் பனி மனிதன் 1955 முதல் ஊரின் செல்லப்பிள்ளையாகவே இருக்கிறான். ஒரு பொம்மையால் ஊரை ஒன்று சேர்க்க முடியும். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று நாலு மொழி பேசும் நம் எல்லை ஊரில், மொழியே பேசாத கரடி எல்லா வீட்டுக் குழந்தைக்கும் சொந்தம். கரடி இருக்கட்டும். உள்ளே இருப்பவனும் நன்றாக இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

தொப்பி, பூட்ஸ், இயர் ப்ளக்... கரடிக்கு?

ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலை எதிலாவது உங்கள் கணவரோ மகனோ வேலை பார்த்தால் இது உங்களுக்கு உடனே புரியும். உள்ளே நுழையும்போதே ஹெல்மெட் எங்கே, பாதுகாப்பு ஷூ எங்கே என்று கேட்பார்கள். சத்தமான இடத்தில் காதுக்கு அடைப்பான். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வு தராமல் ஒருவரிடம் வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணியாவது விட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

அதே பையன் நைட் ஷிப்ட் முடித்து, சரியாகத் தூங்காமல், சங்கத்து விழாவில் கரடியாக நிற்கிறான். தூக்கமின்மையே வெப்பத் தாக்குக்கு ஒரு காரணம் என்பது அவனுக்கும் தெரியாது, சங்கத்துக்கும் தெரியாது. கம்பெனியில் அவனுக்கு இருக்கிற பாதுகாப்பு அதிகாரி, திருவிழாவில் இல்லை. ஏன்? அங்கே அவன் தொழிலாளி. இங்கே தொண்டன்! காசு வாங்காமல் உழைப்பவனுக்குக் கவனிப்பும் தேவையில்லை என்று நாம் எங்கேயோ முடிவு கட்டிவிட்டோம். நியாயமாகப் பார்த்தால், சும்மா வந்து உதவி செய்கிறவனைத்தானே இரண்டு மடங்கு பார்த்துக்கொள்ள வேண்டும்?

சம்பளக்காரர் "முடியாது" என்று சொல்லிவிடுவார். தொண்டன் சொல்ல மாட்டான். "எல்லாரும் என்னைத்தானே நம்பியிருக்காங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். போதாததற்கு வாயும் மூடியிருக்கிறது. தலை சுற்றுகிறது என்று அவன் சொன்னாலும் ஸ்பீக்கர் சத்தத்தில் யார் காதில் விழும்? தள்ளாடினால்கூடக் கரடி டான்ஸ் ஆடுகிறது என்று கை தட்டுவார்கள்.

யார் உள்ளே போகக்கூடாது?

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளை உள்ளே விட வேண்டாம் என்பது என் கருத்து. சின்னப் பையன்களுக்குத் தங்கள் உடம்பின் எல்லை தெரியாது. பெரியவர்களிடம் மறுத்துப் பேசவும் வராது.

இருதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் வேண்டாம். முன்பு ஒரு தடவை வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் வேண்டாம். கர்ப்பிணிகள் கூடவே கூடாது. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரையும், இருதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் உடம்பு சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குறைத்துவிடும்.

குளிர்காலத்தில் அடிக்கடி நடக்கிற தப்பு ஒன்று உண்டு. மூக்கு ஒழுகுகிறதே என்று காலையில் ஒரு சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வேஷம் கட்டுவது. பல சளி மாத்திரைகளில் இருக்கிற மருந்து வியர்வையைக் குறைத்துவிடும், தூக்கக் கலக்கத்தையும் தரும். மூடிய உடைக்குள் இது இரண்டுமே ஆகாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்குக் கரடி லீவு! வேறு ஆள் இல்லையென்றால், கரடி இல்லாமலே விழா நடக்கட்டும். முதல் நாள் ராத்திரி மது குடித்தவரையும் உள்ளே விடாதீர்கள்.

விழாக் குழு செய்ய வேண்டியவை

ஒரு கரடிக்கு மூன்று ஆள் வேண்டும். மாற்றி மாற்றி உள்ளே போக இரண்டு பேர். கூடவே நடக்க ஒருவர். மூன்று பேர் கிடைக்கவில்லையென்றால் கரடி வேண்டாம்.

உள்ளே பதினைந்து நிமிடம். வெளியே அரை மணி. கையில் வாட்ச் கட்டிய ஒருவர் கணக்கு வைத்துக்கொள்ளட்டும். "வி.ஐ.பி. வந்துட்டார், இன்னும் அஞ்சு நிமிஷம்" என்கிற பேச்சே கூடாது. ஓய்வு என்றால் கரடித்தலையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு நிற்பது அல்ல. மேல் உடை முழுக்கக் கழற்றி, காற்றுப்படும் இடத்தில் உட்கார வேண்டும். குழந்தைகள் பார்த்துவிடாமல் இருக்க ஒரு திரையும், நாற்காலியும், டேபிள் ஃபேனும் போதும்.

உள்ளே போவதற்கு முன்பே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். வெளியே வரும்போதெல்லாம் மோரோ, எலுமிச்சை ஜூஸோ, இளநீரோ. மோரில் உப்புப் போட மறக்க வேண்டாம். வியர்வையோடு உப்பும் போகிறது. நம் பக்கத்து ராகிக் கூழில் மோரும் உப்பும் கலந்து கொடுத்தால் அதைவிட நல்ல ஆகாரம் வேறில்லை. அவ்வப்போது சிறுநீர் போக நேரமும் இடமும் கொடுங்கள். அந்த வசதி இல்லை என்றால் பிள்ளை தண்ணீரே குடிக்க மாட்டான்.

உள்ளே போடப் பருத்தி பனியனும் மெல்லிய பேண்ட்டும் போதும். குளிராக இருக்கிறதே என்று ஸ்வெட்டருக்கு மேலே கரடியை மாட்டிக்கொள்ள வேண்டாம். வேலை முடிந்ததும் நனைந்த பனியனை உடனே மாற்றிவிட வேண்டும். வியர்வையில் ஊறிய உடம்போடு குளிர்காற்றில் நின்றால் உதறல் எடுக்கும்.

நெருப்பு! இதை இரண்டு தடவை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நம் குளிர்கால விழாக்களில் நெருப்பு இல்லாத விழா ஏது? போகிக்குக் கொளுத்துகிறோம், மைதானத்தில் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கல் பொங்குகிறோம். கன்னடப் பக்கம் சங்கராந்தியன்று மாடுகளை நெருப்பைத் தாண்டவே விடுவார்கள். செயற்கை ரோமம் குபுகுபுவென்று பிடிக்கும், உருகித் தோலோடு ஒட்டும். ஜிப் பின்னால் இருக்கிறது. அவனாகக் கழற்ற முடியாது. அடுப்பு, கற்பூரத் தட்டு, பட்டாசு எதன் பக்கமும் கரடி போகக்கூடாது.

கரடியின் கண் வேறு, உள்ளே இருப்பவன் கண் வேறு. பெரும்பாலான உடைகளில் வாய் ஓட்டை வழியாகத்தான் பார்க்க முடியும். காலடி தெரியாது, பக்கவாட்டில் தெரியாது. படிக்கட்டு, ஜெனரேட்டர் ஒயர், பந்தல் கயிறு எல்லாம் பொறிதான். அதனால்தான் கூடவே ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆபத்து என்றால் காட்ட ஒரு சைகையையும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் "என்னை வெளியே எடு" என்று அர்த்தம் என்பது போல.

கடைசியாகச் சுத்தம். ஒரே கரடித்தலைக்குள் இன்றைக்கு நம் ஊர்ப் பையன், நேற்றைக்குப் பெங்களூரில் வேறு ஒருவன். சளி, ஃப்ளூ, பேன், படர்தாமரை, சொறி சிரங்கு எல்லாமே இலவச இணைப்பாக வரலாம். வாங்கியதும் பிரித்து வெயிலில் காயப் போடுங்கள். உட்பக்கத்தைக் கிருமிநாசினியால் துடைத்து உலர்த்துங்கள். ஆளுக்கு ஒரு பருத்தித் தலைத்துணி கட்டிக்கொண்டு நுழையட்டும்.

மயங்கி விழுந்தால்...

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கெண்டைக்காலில் பிடிப்பு, இவை முதல் எச்சரிக்கை. உடனே வெளியே எடுத்துப் படுக்க வைத்து, கால்களைக் கொஞ்சம் உயர்த்தி, விசிறி, உப்புக் கலந்த பானம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அன்றைக்கு அவரை மறுபடி உள்ளே அனுப்பாதீர்கள்.

பேச்சுக் குழறுகிறது, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை, நினைவு தப்புகிறது என்றால் அது வெப்பத் தாக்கு. உடம்பின் உட்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். "வியர்வை கொட்டுதே, அப்போ ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்காது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஆடிக் களைத்து வருகிற வெப்பத் தாக்கில் வியர்வை இருக்கும்.

அப்போது முதல் வேலை, ஜிப்பைத் திறக்க முடியாவிட்டால் கத்தரியால் வெட்டியாவது உடையை எடுப்பது. போனால் வாடகைக் கடைக்காரருக்குப் பணம் கட்டிக்கொள்ளலாம். 108-க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, வண்டி வருகிறவரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். குளிர்நாள்தானே என்று தயங்க வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவே கூடாது; மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முகர வெங்காயமும் இரும்புச் சாவியும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும், சிறுநீரகத்துக்கும், ஈரலுக்கும் விலை மதிப்பில்லாதது.

இது நம் வீட்டுக்கும் பாடம்

விழாக் குழுவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பார்க்கப் போகிற நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? கரடியின் வாலை இழுக்கிற குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறோம். பின்னாலிருந்து ஓங்கி ஒரு குத்து விட்டுவிட்டு ஓடுகிற காலேஜ் பையனை யாரும் கேட்பதில்லை. "இன்னும் ஒரே ஒரு போட்டோ" என்று நாலாவது தடவையாக நிறுத்தி வைக்கிறோம். வேஷம் போட்டவருக்கு உடம்பு கிடையாது என்று எப்படியோ நமக்குப் படிந்துவிட்டது.

உங்கள் வீட்டுக் குழந்தையிடம் சொல்லுங்கள். "அது நிஜக் கரடி இல்லைடா செல்லம். உள்ளே ஒரு அண்ணன் இருக்கான். அவனுக்கு வியர்க்கும், வலிக்கும். மெதுவா கை கொடு." குழந்தையின் கற்பனை கெட்டுவிடுமா? கெடாது. பொம்மை என்று தெரிந்தேதான் அது தன் பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறது. இரண்டு வயதுக் குழந்தை கரடியைப் பார்த்து வீறிட்டு அழுதால், போட்டோவுக்காக அதன் மடியில் தள்ளாதீர்கள். பயம் அதற்கும் நல்லதில்லை, ஒன்றும் செய்ய முடியாமல் தவிக்கிற கரடிக்கும் நல்லதில்லை.

உங்கள் பிள்ளையே வேஷம் கட்டப் போகிறான் என்றால் தடுக்காதீர்கள். நாலு பேரைச் சிரிக்க வைக்கிறேன் என்கிற பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் போகும் முன் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். "எத்தனை நிமிஷம் உள்ளே இருப்பே? கூட யார் நிக்கிறாங்க? தண்ணி எங்கே வெச்சிருக்காங்க?" மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், விழாக் குழுத் தலைவருக்குப் போன் போட்டு நீங்களே கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி அறுவடைக் காலத்தில் காட்டிலிருந்து நிஜ யானைகளே இறங்கி வரும். அதற்காக வனத்துறை கண்விழித்துக் காவல் காக்கிறது, ஊருக்கு எச்சரிக்கை சொல்கிறது. அத்தனையும் தேவைதான். அதே ஊரில் நம் சந்தோஷத்துக்காக யானையாகவும் கரடியாகவும் மாறி நிற்கிற பிள்ளைக்கு, பக்கத்தில் நிற்க ஓர் ஆளும், கையில் ஒரு சொம்பு மோரும் கொடுக்கவா நமக்கு வழியில்லை?

இந்தப் பொங்கலுக்கு உங்கள் சங்கத்தில் கூட்டம் போடும்போது, பந்தலுக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதுவீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'கரடிக்கு மோர்.' செலவு ரொம்ப ஆகாது!